சின்னக் கேப்பும் பெரிய கேப்பும்

"தமிழ்ச் சங்கத்து மலரில் துப்பாக்கிக்கு என்னய்யா வேலை?" என்று ஆசிரியர் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் மலரில் வழக்கமாகக் காவியம் உண்டு, காதல் உண்டு, கான்டீன் சாப்பாட்டைப் பற்றிய புலம்பல் உண்டு. ரசாயனம் படிக்கும் எனக்கு முதல் இரண்டிலும் பயிற்சி போதாது. மூன்றாவதில் பயிற்சி அதிகம், ஆனால் அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே, சென்ற தீபாவளிக்குப் பின் பல நாட்கள் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரு சிறு பித்தளைப் பொட்டைப் பற்றி எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

என் பெரியம்மாவின் மகன் அமெரிக்காவில், டெக்ஸஸ் மாநிலத்தில் இருக்கிறார். எங்கள் இருவர் குடும்பமும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மாட்டுங்கா லேபர் காம்பில் குடியேறியவை. ஒரே குழாயடியில் வளர்ந்தோம். அவர் படித்துக் கப்பலேறாமல் விமானமேறினார். போன இடத்தில் ஊரோடு ஒத்து வாழ வேண்டும் அல்லவா? சனிக்கிழமைகளில் ஒரு துப்பாக்கிச் சங்கத்துக்குப் போய்க் குறி பார்த்துச் சுடுகிறார். அங்கே சுடுகிறவர்களில் பலர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடுவதில்லை. பொறுக்கிக் கழுவி, கருவியில் வைத்து நெரித்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடியும் தோட்டா ஆக்கிக்கொள்கிறார்கள். அந்த நாட்டுச் சட்டத்தில் அது குற்றமன்று. நம் நாட்டில் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

தீபாவளிக்கு மறுவாரம் அண்ணன் எனக்கு ஒரு படம் அனுப்பினார். இரண்டு பித்தளைக் கூடுகள், பின்புறம் தெரியும்படி. இரண்டும் .45 தோட்டா, அளவில் இம்மியும் வித்தியாசமில்லை. ஆனால் ஒன்றின் நடுவில் இருந்த கேப்புக் குழி பெரியது, மற்றதில் சின்னது. கூடவே, கட்டுப் போட்ட அவருடைய ஆள்காட்டி விரலின் படம். பின்பு போனில் பேசினார்.

"தம்பி, நீ கெமிஸ்ட்ரி படிக்கிறவன். ரெண்டும் ஒரே தோட்டாதானே? எதுக்குல ரெண்டு சைஸ் வச்சுத் தொலைச்சானுவ?"

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் டீக்கடையில் கல்லூரித் தம்பி ஒருவனிடம் சொன்னேன். அவன் தயங்கவே இல்லை. "இதுல என்ன அண்ணே இருக்கு? சின்னத் துப்பாக்கிக்குச் சின்னக் கேப்பு, பெரிய துப்பாக்கிக்குப் பெரிய கேப்பு. பெரிசுன்னா பவர் ஜாஸ்தி." பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு தவறு என்பதைக் காட்டவே இவ்வளவு பீடிகை.

முதலில் கேப்பு என்றால் என்ன? சிவகாசிச் சரக்கில் வளர்ந்த நமக்கு இதை விளக்குவது எளிது. தீபாவளிக்குத் தகரத் துப்பாக்கியில் சுருள் கேப்பு வைத்துச் சுடாத தமிழ்ப் பிள்ளை உண்டா? துப்பாக்கி வாங்கிக்கொடுக்காத வீட்டில், வாசற்படியில் வைத்துக் கல்லால் அடித்திருப்போம். காகிதத்துக்கு நடுவே ஒரு பொட்டு மருந்து. அடி விழுந்தால் பட்டென்று தீப்பொறி. நிஜத் தோட்டாவின் கேப்பும் அதே குலந்தான். விறகடுப்பை எண்ணிப் பாருங்கள். விறகு தானே பற்றிக்கொள்ளாது. ஒரு தீக்குச்சி வேண்டும். தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து விறகு, கேப்பு தீக்குச்சி. துப்பாக்கியின் முள் வந்து கேப்பின் முதுகில் குத்துகிறது. கேப்பு என்பது ஒரு சிறு உலோகக் கிண்ணம். உள்ளே ஒரு துளி வெடிமருந்து, அதன்மேல் ஒரு சிறு பட்டறைக்கல் போன்ற உலோகத் துண்டு. முள்ளுக்கும் பட்டறைக்கும் நடுவே நசுங்கிய மருந்து தீயாகி, கூட்டின் அடியிலுள்ள ஊசித்துளை வழியே பாய்ந்து விறகைக் கொளுத்துகிறது. கூட்டின் வேலை, குண்டின் வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சுருள் கேப்பு விளையாட்டுச் சாமான் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். 1845-ஆம் ஆண்டில் எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், காகிதச் சுருளில் பொட்டுப் பொட்டாக மருந்து வைத்து, குதிரையை இழுக்கும்போதெல்லாம் அடுத்த பொட்டு தானே முன்னால் வரும்படி செய்து பேடண்ட் வாங்கினார். அமெரிக்கப் பட்டாளமே 1855-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியில் அதை வைத்துக்கொண்டது. ஆனால் ஈரம் பட்டால் காகிதம் நமுத்துப் போயிற்று. 1861-ஆம் ஆண்டு மாதிரியில் அதைக் கைவிட்டு, பழைய செம்புக் கேப்புக்கே திரும்பினார்கள். மும்பை மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த சுருள் கேப்பு தீபாவளிக்கு வெடிக்காமல் போன துக்கம் எனக்கு உண்டு. ஆகவே அந்தப் பட்டாளத்தின்மேல் எனக்கு அனுதாபம் அதிகம்.

அடித்தால் தீப்பிடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் அலெக்ஸாண்டர் ஃபார்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அவர் பேடண்ட் வாங்கியது 1807-ல். பாதிரியார் தொடங்கிவைத்து, பல் வைத்தியர் வளர்த்த சாஸ்திரம் இது! அதன்பின் கேப்பும் மருந்தும் குண்டும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் குடிபுகுந்தன. 1866-ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு பேர், ஒருவரையொருவர் சாராமல், இரண்டு விதமான கேப்பு செய்தார்கள். ஒருவர் ஆங்கில ராணுவ அதிகாரியான எட்வர்ட் பாக்ஸர். மற்றவர் அமெரிக்கரான ஹைராம் பெர்டன். பாக்ஸரின் கேப்பில் பட்டறை கேப்புக்குள்ளேயே இருக்கும். கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. பெர்டனுடையதில் பட்டறை கூட்டின் பாகம். பக்கத்தில் இரண்டு சிறு துளைகள். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் கேப்பை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கரின் கேப்பு கடல் தாண்டி மற்ற நாடுகளின் ராணுவங்களுக்குப் போயிற்று. நம் நாட்டுக்கு வந்ததும் பெர்டன்தான். மும்பையிலிருந்து புனே போகும் ரயிலில் சிவாஜிநகருக்கு முந்தின நிலையம் கட்கி. அங்கே 1869-ல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை இன்றும் நடக்கிறது; 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. அங்கே செய்த .303 தோட்டாவின் பின்புறத்தில் கே.எஃப். என்று முத்திரை இருக்கும். அவை பெர்டன் கேப்புக் கூடுகள்.

மறுநிரப்புகிறவருக்கு இது உயிர்நாடியான வித்தியாசம். பாக்ஸர் கூட்டில் நடுத்துளை வழியே ஒரு கம்பியை விட்டுத் தள்ளினால் பழைய கேப்பு கழன்று விழும். பெர்டன் கூட்டில் கம்பி பட்டறையில் போய் முட்டும். ஆகவே, சின்னக் கேப்பா பெரிய கேப்பா என்ற வழக்கு எழுவதே பாக்ஸர் குடும்பத்துக்குள்தான்.

இனி வழக்குக்கு வருவோம். கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு உரிய பாக்ஸர் கேப்புகள் இரண்டே அளவு. சின்னது 4.45 மில்லிமீட்டர் விட்டம், பெரியது 5.33 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. போட்டிகளில் பயன்படும் .32, போலீஸார் கையிலுள்ள 9 மில்லிமீட்டர், பழைய .38, அதன் பலசாலித் தம்பியான .357 மேக்னம் எல்லாம் சின்னக் கேப்பு. .44-ம், .45-ம் வழக்கமாகப் பெரிய கேப்பு.

தம்பி சொன்னது சரிபோலத்தானே தெரிகிறது? பொறுங்கள். தோட்டா வெடிக்கும்போது கூட்டுக்குள் எழும் அழுத்தத்தைப் பார்ப்போம். கார் டயரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ அழுத்தம் என்று நமக்குத் தெரியும். 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் சங்கம் விதித்திருக்கும் உச்ச அழுத்தம், அதே கணக்கில், ஏறத்தாழ 2,460 கிலோ. .45 தோட்டாவுக்கு ஏறத்தாழ 1,480 தான். அதாவது பெரிய கேப்பு வைத்த பெரிய தோட்டா, சின்னக் கேப்பு வைத்த சின்னத் தோட்டாவைவிட உள்ளே சாதுவானது! இன்னும் கேளுங்கள். .454 கசூல் என்று ஒரு ரிவால்வர் தோட்டா உண்டு. கரடி வரும் காட்டுக்குப் போகிறவர்கள் இடுப்பில் வைத்துக்கொள்வது. அதன் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 4,570 கிலோ; .45-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல். அதற்கு என்ன கேப்பு? சின்னது! கைத்துப்பாக்கிக்கு உரியதுகூட அல்ல. ரைஃபிளுக்கு உரிய சின்னக் கேப்பு. விட்டம் அதேதான், கிண்ணத்தின் தகடு மட்டும் தடிமன்.

ஏன் இப்படி? இங்கேதான் என் தூக்கம் போயிற்று. கடைசியில் பள்ளிக்கூடத்துப் பெளதிகமே விடை சொல்லிற்று. அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் விசை. வெடிக்கும் வாயு குண்டை முன்னால் தள்ளும் அதே நேரத்தில் கேப்பைப் பின்னால் தள்ளுகிறது. சின்னக் கேப்பின் பரப்பு 0.155 சதுர சென்டிமீட்டர். பெரியதன் பரப்பு 0.223. விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடினால், பரப்பில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூடிவிடுகிறது. 9 மில்லிமீட்டர் தோட்டாவில் சின்னக் கேப்பின்மேல் விழும் விசை ஏறத்தாழ 380 கிலோ. அதே தோட்டாவில் பெரிய கேப்பு வைத்தால் 550 கிலோ ஆகிவிடும். .45-ல் பெரிய கேப்பு இருந்தும் 330 கிலோதான். கசூல் தோட்டாவில் சின்னக் கேப்பே 710 கிலோவைத் தாங்குகிறது. பெரியதை வைத்திருந்தால் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். ஐந்து மில்லிமீட்டர் பொட்டின்மேல் ஒரு டன்! துப்பாக்கியின் பின்புறத் தகடு அதைத் தாங்குகிறது என்றாலும், முள் வரும் துளைக்கு நேரே ஆதாரம் இல்லை. மெல்லிய கிண்ணம் அங்கே பிதுங்கும். கேப்பு உட்கார்ந்திருக்கும் குழியும் நாளடைவில் அகன்றுபோகும்.

இன்னொன்று. குழியைப் பெரிதாகத் தோண்டினால் சுற்றிலும் பித்தளை குறையும். .45 கூட்டின் பின்புறம் 12 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பெரிய குழி தோண்டினாலும் கரையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம். 9 மில்லிமீட்டர் கூட்டின் பின்புறம் 10-தான். அங்கே ஒவ்வொரு துளி பித்தளையும் கணக்கு. .357 மேக்னம் 1935-ல் வெளிவந்தபோது பெரிய கேப்போடு வந்து, பின்பு சின்னதற்கு மாறியதும் இந்தத் திசையில் நடந்த பயணந்தான் என்று எண்ணுகிறேன்.

அப்படியானால் பெரிய கேப்பு எதற்கு? அகலமான கூட்டில் அதிக மருந்து. அதைப் பற்றவைக்கப் பெரிய தீ வேண்டும் என்பது கரிமருந்துக் காலத்திலிருந்து வந்த வழக்கம். அது பொய்யுமன்று. ஆனால் தீயின் அளவு கிண்ணத்தின் விட்டத்தை மட்டும் பொறுத்ததன்று. உள்ளே வைத்த மருந்தின் அளவையும் குணத்தையும் பொறுத்தது. ஒரே சின்ன அளவில் சாதாரணக் கேப்பும் உண்டு, மேக்னம் என்று பெயரிட்ட உக்கிரக் கேப்பும் உண்டு. ஆகவே தம்பியின் கேள்வியையே மாற்ற வேண்டும். பெரிசா சின்னதா என்பது எவ்வளவு சக்தி என்பதைச் சொல்வதில்லை. எந்தக் குழி என்பதைத்தான் சொல்கிறது.

சரி, .45-க்கு மட்டும் ஏன் இரண்டு குழி? 1905-ல் பிறந்த நாள் முதல் அது பெரிய கேப்புத் தோட்டாவாகவே வளர்ந்தது. அதைக் கலைத்தது ஈயம். குண்டிலுள்ள ஈயத்தைச் சொல்லவில்லை. கேப்பிலுள்ள ஈயத்தைச் சொல்கிறேன்.

கேப்பு மருந்தின் சரித்திரமே, ஒரு தொல்லையைத் தீர்க்க இன்னொரு தொல்லையை அழைத்துவந்த சரித்திரம். முதலில் பாதரச ஃபல்மினேட். அதில் கழன்ற பாதரசம் பித்தளையோடு கலந்து கூட்டை நொறுங்கச் செய்தது, மறுநிரப்ப வழியில்லை. பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து எரிந்தால் உப்பு மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலைத் துருப்பிடிக்க வைத்தது. பழைய வேட்டைக்காரர்கள் சுட்டு முடிந்ததும் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவியது ஆசாரமன்று, ரசாயனம். பிறகு ஈய ஸ்டிஃப்னேட் வந்தது. பித்தளையும் பிழைத்தது, குழலும் பிழைத்தது. ஆனால் சுடும் ஒவ்வொரு முறையும் ஈயம் புகையாகி முகத்துக்கு நேரே வந்தது. அடைத்த கூடங்களில் நாள்தோறும் பயிற்சி தரும் ஆசிரியர்களின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. (நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோலை 2000-ல் நிறுத்தினோமே, அதே விஷந்தான்.) ஆகவே ஈயமில்லாத மருந்து தேடினார்கள். அந்த மருந்தின் குணம் வேறு. அதை வைத்து .45 தோட்டா செய்தபோது சில அமெரிக்கக் கம்பெனிகள் கூட்டில் சின்னக் குழியே போதும் என்று தீர்மானித்தன. பின்பு, ஈயக் கேப்பு வைத்த மலிவான .45 தோட்டாக்களிலும் சின்னக் குழி புகுந்தது. ஒரே கேப்பை 9 மில்லிமீட்டருக்கும் .45-க்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும். சுட்டுப் பார்த்தவர்கள், குண்டின் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றே சொல்கிறார்கள். பித்தளைக் கூட்டைப் பொறுக்குகிறவனுக்குத்தான் வித்தியாசம்.

அண்ணனுடைய விரல் கதை இதுதான். சுடும் மைதானத்தில் எல்லார் கூடும் கலந்து கிடக்கும். அவர் வாளியில் அள்ளி வந்தார். கருவியில் பெரிய கேப்பு வைத்து வரிசையாக அழுத்திக்கொண்டே போனார். நடுவில் ஒரு சின்னக் குழிக் கூடு வந்தது. கைப்பிடி மறுத்தது. 5.33 மில்லிமீட்டர் கேப்பு 4.45 மில்லிமீட்டர் குழிக்குள் எப்படிப் போகும்? கூட்டில் ஏதோ அழுக்கு என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்தினார். அடித்தால் வெடிப்பதற்கென்றே பிறந்த பொருளை நசுக்கினால் அது தன் கடமையைச் செய்யாதா? செய்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. விரலில் இரண்டு தையல். "கைப்பிடி இறுகினப்பவே நிறுத்தியிருக்கணும்ல தம்பி" என்றார். அவர் வாயாலேயே வந்தது, நான் சொல்லவில்லை. மாறாக, சின்னக் கேப்பைப் பெரிய குழியில் வைத்தால் விபத்து இல்லை. ஆடிக்கொண்டு நிற்கும், அல்லது கீழே விழுந்து காணாமல் போகும்.

இதைப் படித்துவிட்டு நம் நண்பர்கள் யாரும் கைவேலையில் இறங்கிவிட வேண்டாம். நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் தோட்டாவின் பாகங்களும் அடங்கும். அதைச் செய்யும் இயந்திரமும் அடங்கும். உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். பி.எஸ்ஸி. படிக்கும்போது என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிள் சுடக் கொடுத்தார்கள். அந்தத் தோட்டாவுக்குத் தனிக் கேப்பே கிடையாது. கேப்பு மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசியிருக்கும். முள் விளிம்பில் அடிக்கும். ஒருமுறை நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். மறுநிரப்பும் பேச்சே இல்லை. ஆனால் சுட்டு முடிந்ததும் ஹவில்தார் ஐயா வெற்றுக் கூடுகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. வெயிலில் நாற்பது பேர் முட்டிபோட்டுப் புல்லைத் துழாவினோம். முக்கால் மணி நேரம். கூடு கிடைத்தது, என் கால்சட்டைப் பையில். ஊருக்குப் போனால் ஆச்சியிடம் காட்டலாம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். ஐயா என்னைத் திட்டவில்லை. "இந்தப் பித்தளைக்கு ரிஜிஸ்டரில் ஒரு வரி இருக்கிறது தம்பி, அந்த வரிக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும்" என்று இந்தியில் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அண்ணனுக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். பதிலாக ஒரு படம் வந்தது. சென்ற ஆண்டு பெரியம்மா போனபோது மாட்டுங்கா கடைத்தெருவில் வாங்கிக் கொண்டுபோன மூங்கில் முறம். அதில் .45 கூடுகளைக் கவிழ்த்துப் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல், அண்ணி சின்னக் குழிக் கூடுகளைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருக்கிறார். இருநூறில் பதினேழு இருந்ததாம்.